வங்கிகள் கைவிட்ட தெருக்களும் ஒரு சிறு சுழல் நிதியும்: பிட்ஸ்பர்க்கிலிருந்து பரவிய வீட்டுவசதி அமைப்பு

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து வடபகுதி 1907 வரை அலெகெனி என்ற தனி நகராக இருந்தது. எஃகு ஆலைகள் கொழித்த காலத்தில் கட்டிய செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், குறுகலான தெருக்கள். 1960களில் அந்த வீடுகளில் பல ஒழுகின. வாடகைக்கு விட்டவர்கள் பழுது பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். சொந்த வீட்டில் இருந்தவர்கள் பழுது பார்க்க விரும்பினாலும் கடன் தர வங்கி இல்லை.

இத்தகைய பகுதிகளுக்கு அன்றைய நகராட்சிகளிடம் இருந்த மருந்து ஒன்றுதான்: இடித்துத் தள்ளுவது. 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அதற்கு மத்திய அரசின் பணத்தைத் தந்தது. பிட்ஸ்பர்க்கிலேயே லோயர் ஹில் என்ற பகுதியில் 1950களில் சுமார் 8,000 பேரை வெளியேற்றி, அந்த இடத்தில் உள்ளரங்க மைதானம் ஒன்றை எழுப்பினார்கள். வெளியேறியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வடபகுதியிலும் பழைய அலெகெனியின் மையம் 1960களில் தரைமட்டமானது. அடுத்தது நம் தெருதான் என்று பக்கத்துத் தெருக்காரர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

டோரதி மே ரிச்சர்ட்சன் அந்தப் பகுதியின் இல்லத்தரசி. சீரழிந்த வீடுகளுக்கு எதிராக அக்கம்பக்கத்தாரைத் திரட்டிப் போராடியவர். அவருடைய வாதம் எளிமையானது: இந்த வீடுகளின் சுவரும் அடித்தளமும் உறுதியாகவே இருக்கின்றன; பணம் வராததால்தான் கூரையும் குழாயும் கெட்டன. ஆகவே இடிப்பதற்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கும், வங்கிகளின் மனமாற்றமும் கிடைத்தால் போதும்.

வங்கிகளின் மனநிலை தற்செயலானதல்ல. பெருமந்தத்தின்போது, 1933இல், மூழ்கும் வீட்டுக் கடன்களை மீட்க மத்திய அரசு ஒரு கழகத்தை அமைத்தது. அது 1930களின் பிற்பாதியில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, பகுதிகளை நான்கு தரமாகப் பிரித்தது: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. பழைய வீடுகள், புலம்பெயர்ந்தோர், குறிப்பாகக் கறுப்பின மக்கள் இருந்த பகுதிகள் சிவப்பில் விழுந்தன. 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், அதாவது எஃப்.எச்.ஏ., அடமானக் கடன்களுக்குக் காப்பீடு தரத் தொடங்கியபோது, இனக்கலப்பு உள்ள இடத்தை ஆபத்தானதாகக் கணக்கிடும்படி தன் மதிப்பீட்டுக் கையேட்டில் எழுதிவைத்தது. வரைபடத்தைக் காட்டிலும் இந்தக் கையேடே அதிகக் கேடு செய்தது என்று சொல்லலாம். வரைபடம் பழைய கடன்களைப் பற்றியது. கையேடோ அடுத்த முப்பது ஆண்டுகளுக்குப் புதுக் கடன் எங்கே போகும் என்று தீர்மானித்தது. காப்பீடு இல்லாத தெருவில் வங்கி ஏன் நுழைய வேண்டும்?

1968: மூன்று தரப்பு, ஒரு மேசை

1968இல் ரிச்சர்ட்சன் குழுவினர் நகர வங்கியாளர்களையும் அதிகாரிகளையும் பேச்சுக்கு இழுத்தார்கள். விளைவாக 16 நிதி நிறுவனங்கள் அந்தப் பகுதியில் வழக்கமான வீட்டுக் கடன் தர ஒப்புக்கொண்டன. உள்ளூர் அறக்கட்டளை ஒன்று தனியாக ஒரு சுழல் நிதிக்கு, அதாவது திரும்பி வரும் தவணையையே மறுபடி கடனாகத் தரும் நிதிக்கு, முதல் போட்டது. ஒரு டிரெய்லர் வண்டியை வாடகைக்கு எடுத்து அலுவலகமாக்கி, சில ஊழியர்களை வைத்து, ‘நெய்பர்ஹுட் ஹவுசிங் சர்வீசஸ்’ என்று பெயரிட்டார்கள். சுருக்கமாக என்.எச்.எஸ்.

வங்கி, நகராட்சி, குடியிருப்போர் என்ற இந்த மூன்று தரப்பில் யாரைக் கழற்றினாலும் ஏற்பாடு நின்றுவிடும். நகராட்சி மட்டும் இறங்கினால் கட்டட விதி ஆய்வாளர் வருவார், 20 குறைகளைப் பட்டியலிட்டு நோட்டீஸ் கொடுப்பார். சரிசெய்யப் பணமில்லாத வீட்டுக்காரர் விற்றுவிட்டோ கைவிட்டோ போய்விடுவார். ஆய்வு கடுமையாகக் கடுமையாக வெற்று வீடுகள்தான் கூடும். வங்கி மட்டும் இறங்கினால் கடன் வரும், ஆனால் தெருவிளக்கு எரியாத, நடைபாதை பெயர்ந்த தெருவில் அடமானத்தின் மதிப்பு ஏறாது. குடியிருப்போர் மட்டும் என்றால் கூட்டம் நடக்கும், கூரை மாறாது. ஆகவே நிர்வாகக் குழுவில் மூவரும் உட்கார்ந்தார்கள், குடியிருப்போரே அதிகம். ஆய்வாளரின் நோட்டீசும் கடன் விண்ணப்பமும் ஒரே நேரத்தில் வீட்டுக்காரரின் கைக்குப் போயின.

வங்கிகளை இறங்க வைத்தது சுழல் நிதிதான். திருப்பிச் செலுத்தும் வசதி உள்ளவரை என்.எச்.எஸ். வங்கிக்கு அனுப்பும். வங்கியின் விதிக்குள் அடங்காதவருக்கு (ஓய்வூதியத்தில் வாழும் முதியவர், பழைய பாக்கி உள்ளவர், வருமானம் ஏறி இறங்குபவர்) தன் நிதியிலிருந்து குறைந்த வட்டியில் கடன் தரும். அவரால் எவ்வளவு முடியுமோ அதற்கேற்பத் தவணை. வங்கியின் கணக்கு இதனால் மாறிவிடுகிறது. தெருவில் ஒரு வீடு சீராகிப் பக்கத்து மூன்று வீடுகள் பாழாகக் கிடந்தால், சீரான வீட்டின் மேல் கொடுத்த கடனும் ஆபத்தில்தான் இருக்கும். அந்த மூன்றையும் சுழல் நிதி பார்த்துக்கொண்டால் வங்கியின் பெரிய பணம் பாதுகாப்பாகிறது. சிறு பணம் பெரிய பணத்தைத் திறந்துவிட்டது. இந்த அமைப்பின் மற்ற வெற்றிகளெல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

ஆனால் சுழல் நிதி என்ற பெயரைக் கேட்டு அது வேகமாகச் சுழலும் என்று நினைத்தால் ஏமாற்றமே. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: நிதி 5 லட்சம் டாலர். தலைக்கு 10,000 டாலராக 50 கடன், 3 சதவீத வட்டி, 15 ஆண்டுத் தவணை. ஒரு கடனுக்கு மாதம் 69 டாலர் திரும்பி வரும். ஐம்பதுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 41,400 டாலர். அதாவது முதல் ஆண்டு 50 வீடு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 4 வீடு. ஐந்து பேர் கட்டாமல் விட்டால் அதுவும் குறையும். முதல் ஆண்டின் ஆரவாரத்தைப் பார்த்துவிட்டு வந்த நன்கொடையாளர், மூன்றாம் ஆண்டில் ‘ஏன் வேலை நடக்கவில்லை?’ என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். இதற்காகவே 1974இல் தேசிய அளவில் ஒரு துணை நிறுவனம் உருவானது. உள்ளூர் அமைப்புகள் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த கடன்களின் பத்திரங்களை அது வாங்கிக்கொண்டது. காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பெரு முதலீட்டாளர்களிடமிருந்து அதற்கான பணத்தைத் திரட்டியது. பத்திரத்தை விற்ற உள்ளூர் அமைப்பின் கையில் மறுபடி பணம் சேர்ந்தது.

ஒரு வீட்டைச் சீர்செய்யும் வரிசை

விண்ணப்பம் வந்ததும் முதலில் வீட்டுக்குப் போகிறவர் கடன் அதிகாரி அல்லர், பழுதுபார்ப்பு வல்லுநர். அவர் கூரையிலிருந்து அடித்தளம் வரை பார்த்து, வேலைப் பட்டியல் எழுதுகிறார். ‘குளியலறையைச் சரிசெய்க’ என்று எழுதினால் போதாது. எந்தக் குழாய், எத்தனை அடி, எந்தப் பொருள் என்று எழுதவேண்டும். ஒப்பந்தக்காரர்கள் தரும் மூன்று விலைப்புள்ளிகளை ஒப்பிட முடிவது அப்போதுதான். பட்டியல் தெளிவில்லாதபோது குறைந்த விலை சொல்பவர் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பார்; பாதி வேலையில் கூடுதல் பணம் கேட்பார்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் தண்ணீர் உள்ளே வருவதை நிறுத்த வேண்டும்: கூரை, கூரை ஓர வடிகால், புகைபோக்கியைச் சுற்றிய தகடு, சுவர்ப் பூச்சு. அடுத்து அடித்தளம். பிறகு மின்கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுக் குழாய், வெப்பமூட்டி. சமையலறையும் பெயின்டும் கடைசி. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் சமையலறையைத்தான் முதலில் கேட்பார்கள், அது இயல்புதான். ஆனால் ஒழுகும் கூரையின் கீழ் போட்ட புதுப் பலகை இரண்டு குளிர்காலத்தில் உப்பிவிடும். கடனோ இன்னும் 13 ஆண்டு பாக்கியிருக்கும்.

பழைய செங்கல் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. நூறாண்டுக்கு முந்தைய செங்கல் மென்மையானது. அதை இணைத்தது சுண்ணாம்புக் கலவை. இணைப்பு உதிர்ந்ததும் அங்கே கடினமான சிமென்ட் கலவையைத் திணிப்பார்கள். சுவரில் ஏறும் ஈரம் சிமென்ட் வழியே வெளியேற முடியாமல் செங்கல் வழியே வரும். உறைபனியில் அந்த ஈரம் விரிந்து செங்கல்லின் முகம் செதிலாகக் கழன்று விழும். இணைப்பைக் காப்பாற்றப் போய்ச் சுவரை இழப்பது என்பது இதுதான். பழைய பெயின்டில் உள்ள ஈயம் இன்னொரு சிக்கல். வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்கா தடைசெய்தது 1978இல். அதற்கு முந்தைய வீட்டில் உலர்ந்த பெயின்டைத் தேய்த்தால் கிளம்பும் தூசி குழந்தைகளின் இரத்தத்தில் சேரும். ஈரப்படுத்தித் தேய்ப்பது, அறையை பிளாஸ்டிக் விரிப்பால் மூடுவது, முடிவில் தூசி மாதிரி எடுத்துச் சோதிப்பது எல்லாம் செலவில் சேரவேண்டும்.

இப்படிப்பட்ட வீடுகளில் மதிப்பீட்டுக்கு மேல் 10 சதவீதம் ஒதுக்கினால் போதாது. சுவரைத் திறந்த பிறகுதான் தெரியும் வேலைகளுக்கு 15 முதல் 20 சதவீதம் கையில் இருக்கவேண்டும். ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் தராமல், முடித்த வேலையைப் பார்த்துக் கட்டம் கட்டமாகத் தரவேண்டும். கடைசி ஆய்வு முடியும்வரை 10 சதவீதத்தைப் பிடித்துவைப்பது வழக்கம்.

வாஷிங்டன் கவனித்தது

சேமிப்பு வங்கிகளைக் கண்காணித்த கூட்டாட்சி வாரியம் பிட்ஸ்பர்க் ஏற்பாட்டைப் பார்த்து, மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோக முனைந்தது. 1974இல் வாரியமும் வீட்டுவசதி நகர்ப்புற மேம்பாட்டுத் துறையும் சேர்ந்து ஒரு பணிக்குழுவை அமைத்தன. 1978இல் நாடாளுமன்றம் அதைச் சட்டபூர்வ லாப நோக்கற்ற கழகமாக்கியது: நெய்பர்ஹுட் ரீஇன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன். அதன் இயக்குநர் குழுவில் அமெரிக்க மத்திய வங்கியின் ரிசர்வ் வாரியம் உட்பட வங்கிகளைக் கண்காணிக்கும் அமைப்புகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்தார்கள். 2005 முதல் அது ‘நெய்பர்வொர்க்ஸ் அமெரிக்கா’ என்ற பெயரில் இயங்குகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் உறுப்பினர்கள்.

எல்லாத் தெருவுக்கும் இந்த வழி பொருந்தாது என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். சரியத் தொடங்கிய, ஆனால் இன்னும் சாயாத பகுதிகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்: கட்டடங்கள் அடிப்படையில் உறுதியாக இருக்கவேண்டும், கணிசமான வீடுகளில் சொந்தக்காரரே குடியிருக்கவேண்டும். பாதி வீடு வெற்றாகிப்போன இடத்துக்கு இதில் விடை இல்லை. ‘காப்பாற்றக்கூடியவர்களை மட்டும் காப்பாற்றுகிறீர்கள்’ என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அது நியாயமான விமர்சனம்தான்.

அதே 1968இல் வந்த இன்னொரு திட்டத்தோடு ஒப்பிட்டால் என்.எச்.எஸ்.ஸின் நிதானம் புரியும். அந்த ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 235ஆம் பிரிவு, குறைந்த வருமானக்காரர் வீடு வாங்க வட்டி மானியமும் எஃப்.எச்.ஏ. காப்பீடும் தந்தது. அதுவரை மூடியிருந்த கதவு ஒரே நாளில் அகலத் திறந்தது. ஊக வணிகர்கள் பழைய வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மேலே பெயின்ட் அடித்து, மதிப்பீட்டாளர் சிலரின் துணையோடு பன்மடங்கு விலைக்கு விற்றார்கள். கடன் கொடுத்தவருக்கு அரசுக் காப்பீடு இருந்ததால் கவலையில்லை. வாங்கியவருக்குச் சில மாதத்தில் கொதிகலன் வெடித்தது, கூரை ஒழுகியது. வீட்டை விட்டுப் போனார். டெட்ராய்ட் போன்ற நகரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படி அரசின் தலையில் விழுந்தன. 1973 ஜனவரியில் நிக்சன் அரசு மானிய வீட்டுத் திட்டங்களை நிறுத்திவைத்தது. இரு திட்டத்திலும் பணம் இருந்தது. ஒன்றில் மட்டும், வீட்டுக்குள் நுழைந்து பட்டியல் எழுதும் ஆள் கடன் கொடுப்பவரின் பக்கத்தில் இருந்தார்.

சட்டமும் பின்னால் வந்தது. வங்கிகள் எந்தப் பகுதிக்குக் கடன் தருகின்றன என்பதை வெளியிடவேண்டும் என்று 1975இல் ஒரு சட்டம். தாங்கள் வைப்புத்தொகை திரட்டும் எளிய பகுதிகளின் கடன் தேவையையும் வங்கிகள் நிறைவேற்றவேண்டும் என்று 1977இல் சமூக மறுமுதலீட்டுச் சட்டம். சிகாகோவின் கேல் சின்காட்டா இதற்காகப் போராடியவர்களில் முன்னணியில் இருந்தார். செனட்டில் கொண்டுவந்தவர் வில்லியம் பிராக்ஸ்மயர். வங்கி இணைப்புக்கும் புதுக் கிளைக்கும் அனுமதி கேட்கும்போது, எளிய பகுதிகளின் கடன் தேவையை அந்த வங்கி எப்படி நிறைவேற்றியது என்ற பதிவேடு பார்க்கப்படும். அதனால் 1968இல் கெஞ்சிக் கேட்ட இடத்தில், 1980களில் உள்ளூர் அமைப்புகளால் உரிமையோடு பேச முடிந்தது.

வரிச் சலுகை வந்த பிறகு

1986 வரிச் சீர்திருத்தச் சட்டம் இந்தத் துறையின் முகத்தையே மாற்றியது. அரசு மானியமாகப் பணம் தராமல், குறைந்த வாடகை வீடு கட்டுபவருக்கு வருமான வரியில் கழித்துக்கொள்ளும் சலுகையைத் தந்தது. லாப நோக்கற்ற அமைப்புக்கு வரியே இல்லையே, சலுகையை வைத்து என்ன செய்யும்? வரி கட்டும் வங்கிக்கு விற்கும்.

கணக்கு இப்படி. 50 வீடுகள், தகுதியுள்ள கட்டுமானச் செலவு 1 கோடி டாலர். 9 சதவீதச் சலுகை கிடைத்தால் ஆண்டுக்கு 9 லட்சம், 10 ஆண்டுக்கு 90 லட்சம். ஒரு டாலர் சலுகைக்கு முதலீட்டாளர் 90 சென்ட் தந்தால் 81 லட்சம் கைக்கு வரும். மீதி 19 லட்சம் கடன். (4 சதவீதச் சலுகை என்றால் வருவது 36 லட்சம்தான், மீதிக்கு நான்கைந்து இடங்களில் கையேந்த வேண்டும்.) 9 சதவீதச் சலுகைக்கு மாநிலங்களில் போட்டி அதிகம், ஒவ்வொரு மாநிலமும் குறைந்தது 10 சதவீதத்தை லாப நோக்கற்றவர்களுக்கு ஒதுக்கவேண்டும்.

கட்டுவது முடிந்ததும் உண்மையான சோதனை ஆரம்பம். வாடகை சராசரியாக 900 டாலர் என்றால் 50 வீட்டுக்கு ஆண்டுக்கு 5.4 லட்சம். காலி வீட்டுக்கு 7 சதவீதம் கழித்தால் 5,02,200. காப்பீடு, சொத்துவரி, பழுது, மேலாண்மை, எதிர்கால மாற்றுச் செலவு எல்லாம் வீட்டுக்கு 7,000 வீதம் 3.5 லட்சம். மிச்சம் 1,52,200. 19 லட்சம் கடனுக்கு 5.3 சதவீதத்தில், 30 ஆண்டுத் தவணையில், ஆண்டுக்கு 1,26,600 கட்டவேண்டும். கையில் 25,600 நிற்கும். இனி வருமானம் ஆண்டுக்கு 2 சதவீதமும் செலவு 3 சதவீதமும் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். 15 ஆண்டு கழித்து மிஞ்சுவது வெறும் 4,000 டாலர். இன்னும் இரண்டு ஆண்டில் பற்றாக்குறை. கூரையும் கொதிகலனும் மாற்றவேண்டிய வயதும் அதுவே. காப்பீட்டுக் கட்டணம் ஒரே ஆண்டில் எகிறினால் இந்த நாள் முன்னாலேயே வந்துவிடும்.

வாடகை வரம்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 60 சதவீதம் 54,000 டாலர் என்றால், அதில் 30 சதவீதம், அதாவது மாதம் 1,350 டாலர்வரை, மின்சாரம் எரிவாயு உட்பட வாங்கலாம். வரம்பு அந்த 54,000ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. குடியிருப்பவரின் சம்பளத்தை வைத்தல்ல. 30,000 சம்பாதிக்கும் குடும்பம் அதே வீட்டில் இருந்தால் வருமானத்தில் 54 சதவீதம் வாடகைக்கே போகும். தனியாக வாடகை உதவிச் சீட்டு இல்லையென்றால், ‘எளியோர் வீடு’ என்ற பெயர்ப்பலகையின் கீழ் எளியோர் நிற்க முடியாது.

முதலீட்டாளர் 15ஆம் ஆண்டுவரை பங்குதாரர். அதன்பின் கட்டடத்தை உள்ளூர் அமைப்பே குறைந்த விலைக்கு, பாக்கிக் கடனும் அதனால் எழும் வரியும் மட்டும் கொடுத்து, வாங்கிக்கொள்ளும் முன்னுரிமையைச் சட்டம் அனுமதிக்கிறது. தொடக்க ஒப்பந்தத்தில் இந்தச் சொற்களைச் சரியாக எழுதாத அமைப்புகள் பிறகு மாட்டிக்கொண்டன. பழைய முதலீட்டாளரின் பங்கை வாங்கிய நிதி நிறுவனங்கள், சொத்தின் மதிப்பு ஏறியிருப்பதைக் கண்டு, முன்னுரிமையை நீதிமன்றத்தில் எதிர்த்த வழக்குகள் உண்டு. வழக்கறிஞருக்கு முதலில் மிச்சம் பிடித்த பணம், 15 ஆண்டு கழித்துக் கட்டடத்தின் விலையாகப் போனது.

இதைவிட நுட்பமான மாற்றம் அலுவலகத்துக்குள் நடந்தது. ஒவ்வொரு கட்டுமானத்திலும் அமைப்புக்கு ‘மேம்பாட்டாளர் கட்டணம்’ உண்டு, சம்பளம் அதிலிருந்துதான். அடுத்த கட்டுமானம் இல்லையென்றால் சம்பளம் இல்லை. ஆகவே கூரை ஒழுகும் முதியவருக்கான 10,000 டாலர் கடன் பின்வரிசைக்குப் போகிறது, 50 வீட்டுத் திட்டம் முன்வரிசைக்கு வருகிறது. பேச்சும் குடியிருப்போருக்குப் புரியாத மொழிக்கு மாறுகிறது. நிதி ஒப்பந்தம் 400 பக்கம் என்றால் கூட்டத்தில் தலையாட்டத்தான் முடியும்.

வீடு சீராகி, தெரு சீராகி, விலை ஏறினால் யாருக்கு லாபம் என்ற கேள்வியும் உண்டு. சரிந்த பகுதியில் சிக்கல் தலைகீழ்: 20,000க்கு வாங்கி 90,000 செலவழித்த வீட்டை 80,000க்குத்தான் விற்க முடியும், 30,000 பள்ளத்தை மானியம் அடைக்கவேண்டும். வெவ்வேறு தெருக்களில் ஒவ்வொரு வீடாகச் செய்தால் இந்தப் பள்ளம் மூடாது. ஒரே தெருவில் அடுத்தடுத்துச் செய்தால்தான் விலை ஏறும். ஏறியபின் மானியத்தின் பலன் முதலில் விற்பவரோடு போய்விடும். வெர்மான்ட்டின் பர்லிங்டன் நகரம் 1984இல் இதற்கொரு விடை கண்டது. நகராட்சி தந்த 2 லட்சம் டாலரில் தொடங்கிய நில அறக்கட்டளை, நிலத்தைத் தானே வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்றது. விற்கும்போது மதிப்பு 50,000 ஏறியிருந்தால் வீட்டுக்காரருக்கு அதில் 25 சதவீதம், 12,500. அதோடு அவர் அடைத்த அசல். மீதி அடுத்து வாங்குபவருக்கான விலைக்குறைப்பாக வீட்டிலேயே தங்கிவிடும். குறை என்னவென்றால், ஏழைக்கு மட்டும் ஏன் விலையேற்றத்தில் கால் பங்கு என்று கேட்டால் முழுத் திருப்தியான பதில் கிடையாது.

2007இல் அடமானக் கடன் நெருக்கடி வெடித்தபோது, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பழைய பழக்கம் மறுபடி தேவைப்பட்டது. அந்த டிசம்பரில் நாடாளுமன்றம் ஜப்தியைத் தடுக்கும் ஆலோசனைக்காக 18 கோடி டாலர் ஒதுக்கி, நெய்பர்வொர்க்ஸ் வழியாக வழங்கியது. ஆலோசகரின் வேலை: வரவு செலவைத் தாளில் எழுதவைப்பது, வங்கிக்கு வேண்டிய ஆவணங்களை ஒரே கட்டாக அனுப்புவது, வந்த மறுசீரமைப்புத் தவணை உண்மையில் கட்டக்கூடியதா என்று பார்ப்பது. தாமதமாக வந்தவர்களுக்குச் செய்ய முடிந்தது குறைவு. ஒரு தவணை தவறியதும் வந்தவருக்கு வழிகள் இருந்தன. ஏலத் தேதியோடு வந்தவருக்கு அவகாசம் கேட்பதைத் தவிர அதிகமில்லை.

இப்போது யார் இந்த அமைப்புகளை நடத்துகிறார்கள் என்பதை விதிகள் ஓரளவு கவனிக்கின்றன. 1990இல் தொடங்கிய ‘ஹோம்’ என்ற மத்திய அரசின் வீட்டுவசதி நிதியில் குறைந்தது 15 சதவீதம் சமூக வீட்டுவசதி அமைப்புகளுக்கு. அந்தத் தகுதி வேண்டுமென்றால் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்த வருமானப் பகுதியின் குடியிருப்போரோ அவர்களின் பிரதிநிதிகளோ இருக்கவேண்டும். அரசு ஆட்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பாஸ்டனின் டட்லி தெருவில் இதைவிடக் கடுமையாகக் கேட்டார்கள். அங்கே 1980களின் நடுவில் உருவான சமூக அமைப்பின் விதிகளுக்கான முதல் வரைவில் நிர்வாகக் குழுவில் குடியிருப்போருக்கு ஒரு சில இடங்களே இருந்தன. பொதுக்கூட்டத்தில் எதிர்ப்புக் கிளம்பி, குடியிருப்போர் பெரும்பான்மையாகும்படி வரைவைத் திருத்த வைத்தார்கள். 1988இல் நகராட்சி அந்த அமைப்புக்கு, தன் பகுதியின் மையத்தில் உள்ள காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே கொடுத்தது.